சிபாரிசு பிடிக்காதவர்

லினக்ஸ் தெரிந்தவர்கள் நாலு பேர் கூடினால் அதில் இவர் ஒருவர் இருப்பார். டெபியன் லினக்ஸை நெட்இன்ஸ்ட் இமேஜிலிருந்து நிறுவுவார். என்னென்ன வேண்டும் என்று கேட்கும் டாஸ்க்செல் திரையில் இருக்கிற நட்சத்திரக் குறிகளையெல்லாம் எடுத்துவிடுவார். டெஸ்க்டாப் கிடையாது, கறுப்புத் திரையில் லாகின் மட்டும். மற்றவர்களுக்கு வேலை அங்கே முடிந்துவிடும். இவருக்கு அங்கேதான் ஆரம்பம்.

"இது எதுக்கு இங்க?" என்று பேக்கேஜ் பட்டியலை மேலிருந்து வாசிப்பார். சிடி தட்டைத் தள்ள ஈஜெக்டா? டிரைவே இல்லை, போ. இது லேப்டாப்தானா என்று பார்க்க லேப்டாப்-டிடெக்டா? எனக்கே தெரியும், போ. எழுத விஐ எடிட்டர் இருக்க நானோ எதற்கு? மேன் பக்கங்களும் போயின. அன்றிலிருந்து ஒரு கட்டளைக்கு விளக்கம் வேண்டுமானால் போனில் தேடுகிறார். மிச்சம் பிடித்தது சில எம்பி. டிஸ்க் ஒரு டெராபைட்.

காலை நடையில் பெரியவர்கள் சர்க்கரை அளவு சொல்லிக்கொள்வதுபோல இவர் பேக்கேஜ் எண்ணிக்கை சொல்வார். "நேத்து 210, இன்னைக்கு 187." ஆல்பைன் லினக்ஸின் கன்டெய்னர் இமேஜ் ஏறத்தாழ 5 எம்பிதான் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று சாப்பாடு இறங்காது.

கேட்டதோடு பரிந்துரைத்ததையும் சேர்த்து இறக்குவது பேக்கேஜ் நிறுவும் கருவியான ஆப்ட்டின் வழக்கம். இவர் முதல் வேலையாக அதை நிறுத்திவைப்பார். சிபாரிசில் வருகிறவர் யாரும் உள்ளே நுழைய முடியாது.

கேட்டால், பாதுகாப்புக்காக என்பார். நெட்வொர்க்கில் காதைத் திறந்து வைத்திருக்கும் சர்வீஸ் ஒன்றை நீக்கினால் பாதுகாப்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலச் சொற்பட்டியலை நீக்கியதால் எந்தத் திருடனும் ஏமாந்து திரும்பியதில்லை.

ஒருநாள், ஐபி முகவரி வாங்கித் தரும் டிஹெச்சிபி கிளையண்ட்டைத் தூக்கினார். ரீபூட் செய்தால் ஐபி முகவரி வரவில்லை. திரும்ப நிறுவலாமென்றால் இணையம் வேண்டும். இணையம் வரவேண்டுமென்றால் அது வேண்டும். ராத்திரி முழுக்க பென்டிரைவும் கையுமாக அலைந்தார். விடிந்ததும் பேக்கேஜ் மறுபடி உள்ளே வந்தது, வேண்டா வெறுப்பாக.

அத்தியாவசிய பேக்கேஜை நீக்கப் போனால், 'நான் சொல்வதைச் செய்' என்ற பொருளில் ஒரு முழு ஆங்கில வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் தட்டச் சொல்லும் வழக்கம் ஆப்ட்டுக்கு இருந்தது. 2021-இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் நிறுவப்போய், அதைத் தட்டி, டெஸ்க்டாப்பையே பறிகொடுத்தார். உலகமே சிரித்த கதை. நம்மவர் சிரிக்கவில்லை.

"அவருக்கு டெஸ்க்டாப் எதுக்கு?" என்றார்.

உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று இவர் காதுபடச் சொல்லாதீர்கள். சொல்லித் தொலைத்துவிட்டால், ரூட் பாஸ்வேர்டையாவது கொடுக்காதீர்கள்.