நிக்கோடினா, கைப்பழக்கமா?

கேள்வி: வேப் (மின்சிகரெட்) பிடிப்பவர்களால் அதை ஏன் விட முடிவதில்லை? நிக்கோடினா, வெறும் பழக்கமா?

பதில்: இரண்டும் கூட்டுக் களவாணிகள். நிக்கோடின் மட்டும்தான் வேண்டுமென்றால் தோலில் ஒட்டும் பட்டையே போதுமே! 2003-ல் இன்றைய மின்சிகரெட்டை உருவாக்கிய சீன மருந்தாளர் ஹோன் லிக், பட்டை ஒட்டிப் பார்த்தும் ஆசை அடங்காதவர். விரலிடுக்கில் பிடிப்பது, தொண்டையில் லேசாகக் குத்துவது, வெள்ளையாக ஊதுவது எதுவும் பட்டையில் கிடையாது. ஆனால் அந்தச் சடங்குக்கு ருசி ஏற்றியதே நிக்கோடின்தான். இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போகிறது; இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடுகிறது. உடனே எரிச்சல், அடுத்த இழுப்பு. 'டென்ஷன் குறையுது சார்' என்கிறார்கள். அந்த டென்ஷனைக் கொடுத்ததே அந்த நிக்கோடின் ஆசாமிதானய்யா! சிகரெட்டாவது எரிந்து முடியும். வேப்போ தலையணைக்கடியிலும் தயாராகக் கிடக்கும். விட நினைப்பவர்கள் மருத்துவரைப் பாருங்கள். கைக்கும் வாய்க்கும் வேறு வேலையும் கொடுங்கள்.