செட் இருக்கா அண்ணே?

கண்டியில் ட்ரிப் வேன் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. செட் போட்டவர்கள் ஒரு வகை. போட்ட செட்டைக் கழற்றிவிட்டு வேறு செட் போடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் கொஞ்ச நாளில் இரண்டாம் வகையில் போய்ச் சேர்ந்துவிடுவதால் இரண்டாம் வகையைப் பற்றி மட்டும் பேசினால் போதும். அவரைச் செட்காரர் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பதுக்கு மேல். வண்டி பெரும்பாலும் டொல்பின். வசதி கூடியவரென்றால் கேடிஎச். முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும், டேஷ்போர்டில் பிள்ளையார், பிள்ளையாருக்குக் கீழே அவரைவிடப் பெரிய அன்ட்ரொய்ட் திரை. லைசன்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். ஓடும்போது தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்; கழுத்துப் பிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், கதவுக்குள் இருக்கும் ஸ்பீக்கரைக் கவனிக்கிறார். எந்தப் பாட்டையும் அவர் முழுதாகக் கேட்டவரில்லை. பேஸ் வந்து விழும் இடம் வரைக்கும் போடுவார், கண்ணாடியில் பின்சீட்டு முகங்களைப் பார்ப்பார், "இது சும்மா, இன்னொண்டு கேளுங்க" என்று அடுத்ததுக்குத் தாவுவார். நாம் பாட்டுக் கேட்கிறோம். அவர் செட் கேட்கிறார்.

இவரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நாம் சிரிக்கவேண்டியது இவரைப் பார்த்துத்தானா என்பதுதான் என் சந்தேகம். வெள்ளைக்காரர் ஊர்களில் உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். நமது உல்லாச வண்டி இந்த ட்ரிப் வேன்தான். படுக்கை பக்கத்தில் இருப்பவரின் தோள், சாப்பாடு வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல், கழிப்பறை யாராவது இரக்கமுள்ள கடைக்காரர். எஞ்சியிருக்கும் ஒரே உல்லாசம் செட். உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலை, ஏப்ரலில் நுவரெலியா, ஆடியில் கதிர்காமம், இடையில் முன்னேஸ்வரமும் நல்லூரும் என்று வருடம் முழுக்க நாம் போகிற பயணங்களின் சுகமெல்லாம் அந்த ஒரு பெட்டியின் தலையில் விழுகிறது. பெட்டி பெரிதாகிக்கொண்டே போவதில் ஆச்சரியமில்லை.

எவ்வளவு பெரிதாகிறது என்பதற்கு அவரே ஒரு கணக்கு வைத்திருப்பார். புதிய அம்ப் 4000 வாட்ஸ் என்று அட்டைப்பெட்டி சொல்லும். அந்த அட்டைப்பெட்டியை அவர் வீசமாட்டார். வீட்டில் அலுமாரிக்கு மேல், மகளின் சான்றிதழ்களுக்குப் பக்கத்தில் அது இருக்கும். அம்பின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு 30 அம்பியர் பியூஸ்கள். வேனில் ஓடும் மின்சாரம் என்ஜின் சுற்றும்போது சுமார் 14 வோல்ட். அறுபதைப் பதினான்கால் பெருக்கினால் 840. அதற்கு மேல் உள்ளே போனால் பியூஸ் எரிந்துவிடும். போன 840இலும் ஒரு பங்கு சூடாகிப் போகும். நிஜமாகவே 4000 வாட்ஸ் வெளியே வரவேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து 300 அம்பியருக்கு மேல் இழுக்கவேண்டும். டொல்பினின் ஆல்டர்னேட்டர் அதைக் கனவிலும் தராது. சரி, நிஜமாகவே சக்தி இரட்டிப்பானது என்று வைத்துக்கொண்டாலும் காது ஏமாறுவதில்லை. வாட்ஸ் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். சத்தம் இரு மடங்காகக் கேட்கவேண்டுமானால் சக்தி பத்து மடங்காகவேண்டும். ஆகவே 500ஐக் கழற்றி 1000ஐப் பூட்டிய செட்காரருக்குக் கிடைத்தது கொஞ்சூண்டு வித்தியாசம். கடன் மட்டும் சுத்தமாக இரு மடங்கு. அந்த வித்தியாசத்தையும் றம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முக்கும் டர்போ இல்லாத டீசல் என்ஜின் விழுங்கிவிடும். கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1868 மீற்றரில். இரண்டுக்கும் இடையில் எண்பது கிலோமீற்றர்கூட இல்லை. இந்த ஏற்றத்தில் என்ஜினின் முனகலுக்கு மேல் எந்தப் பாடகரும் பாடியதில்லை. எர்த் வயரைச் சரியாக அடிக்காத செட்டென்றால் அக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரிலும் ஒரு விசில் ஏறும். அது பாட்டில் உள்ள புல்லாங்குழல் என்று நம்பி ரசித்த பயணிகள் பலர்.

குறை சொல்வதென்றால் நியாயமாகச் சொல்லவேண்டும்: இவருக்குக் கைத்திறன் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. செட் பூட்டும் பாஸ் வயரை எங்கே இழுத்தார், ட்வீட்டரை ஏன் கண்ணாடித் தூணில் வைத்தார், சப்வூஃபரை ஏன் பின்சீட்டுக்குக் கீழே தள்ளினார் என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். மூடிய சிறிய அறையில் தாழ்ந்த ஒலி தானாகவே பெருகும் என்ற பௌதிகத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகப் படியேறாமலே கண்டுபிடித்தவர். பூட்டிய செட்டைத் திருத்தாமல் இருக்கமுடியாது என்பதுதான் வியாதி. சப் அடித்தால் நம்பர் பிளேட் அதிரும். பிளேட்டுக்கு ரப்பர் வைத்தால் டிக்கிக் கதவு அதிரும். கதவை இறுக்கினால் ஜன்னல் கண்ணாடி. வேன் முழுவதும் ஒரு சுற்று முடிவதற்குள் சந்தையில் புதிய சப் வந்துவிடும். இதற்குள் பின்சீட்டுக்குக் கீழே பைகளுக்கு இருந்த இடம் போய்விடுகிறது. கதிர்காமம் வரைக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிற பாட்டிக்குச் சப்பின் பெருமை முழங்கால் வழியாகத்தான் தெரியும்.

திரையின் கதை இதைவிடச் சோகம். கேசட் போய் சீடி, சீடி போய் டிவிடி, டிவிடி போய் பென் டிரைவ், இப்போது யூடியூப் என்று திரை வளர்ந்திருக்கிறது. மலை மட்டும் மாறவில்லை. எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது. ஒரு மலை மறைத்தால் வானொலி கரகரக்கும். அலைபேசி சிக்னலும் புசல்லாவையைத் தாண்டினால் அங்கங்கே விட்டுவிட்டுத்தான். அதனால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், வளைவுகளில் வேனும் சுற்றும், அடுத்து வயிறு. படம் தெளிவாக ஓடினால் நிலைமை இன்னும் மோசம். காதின் உட்பகுதி உடல் திரும்புகிறது என்கிறது, திரையில் பதிந்த கண் ஒன்றும் அசையவில்லை என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் தீர்ப்பு வாய்வழியாகத்தான் வரும். கண்டியிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதையில் பின்சீட்டில் படம் பார்த்து முடித்த குழந்தை உண்டா என்று விசாரிக்கலாம். பிள்ளைகள் அலுப்பில்லாமல் வரட்டும் என்றுதான் திரை பூட்டப்பட்டது. பிள்ளைகள் மூன்றாம் வளைவில் சொப்பிங் பேக் கேட்கிறார்கள். அம்மா சித்தாலேபயைத் தடவிக்கொண்டே இஞ்சி டொபியைத் தேடுகிறாள். அப்பா தேசிக்காயை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருக்கிறார். படத்தைக் கடைசிவரை பார்ப்பவர், பார்க்கவே கூடாதவர்: செட்காரர். "நான் பாக்கமாட்டேன், வசனம் மட்டுந்தான் கேப்பேன்" என்பார். வடிவேலு வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிப்பார். அந்தத் திரையால் வரும் ஒரே நிச்சயப் பலன் ரிவர்ஸ் கேமரா. அதையும் அவர் நம்புவதில்லை. பின்னால் எடுக்கும்போது யாராவது இறங்கி வேனைத் தட்டி "எண்ட, எண்ட, ஹரி" என்று சொல்லியாகவேண்டும்.

இத்தனை வீண்செலவை ஒரு மனிதர் ஏன் செய்கிறார்? கிறுக்கு என்று சொல்லி முடித்துவிடலாம்; ஆனால் கிறுக்கு என்றால் ஆளுக்கு ஆள் வேறுபடும். கட்டுகஸ்தோட்டையிலும் குண்டசாலையிலும் கம்பளையிலும் ஒரே கிறுக்கு ஒரே வரிசையில் பிடிப்பதென்றால் அதற்கு வேறு காரணம் இருக்கவேண்டும். காரணம் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறது. ஹயர் பேசுகிறவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். எத்தனை சீட்? ஏசி இருக்கா? செட் இருக்கா அண்ணே? டிவி? இவற்றுக்குப் பிறகு விலை. டயர் எப்போது மாற்றினீர்கள், பிரேக் எப்போது பார்த்தீர்கள், நேற்று இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேட்பவர் யார்? வேன் விற்கும் விளம்பரங்களும் இதே பாஷைதான் பேசுகின்றன: அன்ட்ரொய்ட் பிளேயர், ரிவர்ஸ் கேமரா, அலோய் வீல். பிரேக்குக்குச் செலவழித்த பணம் யார் கண்ணிலும் படாது. செட்டுக்குச் செலவழித்த பணம் கடுகண்ணாவையில் அடித்தால் கண்டிக்குக் கேட்கும். கேட்கப்படாத சாமானுக்குப் பணம் போடும் வியாபாரி உலகத்தில் எங்கும் இல்லை.

நாட்டின் வரலாறும் அவரை அங்கேதான் தள்ளியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வாசல் மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஏறக்குறைய ஐந்து வருடத்தில் பழைய வேன்களின் விலை ஏறியது. வேனை மாற்றமுடியாதவர் வேனுக்குள் இருப்பதை மாற்றினார். 2022இல் கியூஆர் கோட்டா வந்தபோது வேனுக்கு வாரம் 20 லீற்றர். ஒருமுறை நுவரெலியா போய்வந்தால் அந்த வாரம் முடிந்தது. மீதி நாட்களில் வேன் வாசலில் நின்றது, செட்காரர் வேனுக்குள் இருந்தார், கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. 13 மணிநேரம் கரண்ட் போன அந்த வருட மார்ச் மாதக் கடைசியில் தெருவுக்கே அலைபேசி சார்ஜ் பண்ணிக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவராக இருந்திருப்பார் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

செட் இல்லாவிட்டால் டிரைவருக்குத் தூக்கம் வந்துவிடும் என்று இவர் பக்கம் பேசுகிறவர்கள் சொல்வார்கள். அளவான பாட்டு கொஞ்ச நேரம் அலுப்பைத் தள்ளிப்போடும், உண்மை. தூக்கத்துக்கு மருந்து தூக்கம் ஒன்றுதான். வழியில் நிறுத்தி ஒரு பிளேன்டீயும் கால் மணி நேரக் கண்ணயர்வும் எந்தச் சப்பும் செய்யாததைச் செய்யும். தவிரவும், மலைப்பாதையில் ஹோர்ன் என்பது ஒரு பேச்சு. வளைவுக்கு அந்தப்பக்கம் லொறி வருகிறது, நீ ஒதுங்கு, நான் ஏறுகிறேன் என்பதெல்லாம் அதில் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத வளைவில் காதுதான் கண். அந்தக் காதை அடைத்துவிட்டு விழித்திருந்து என்ன பயன்? காது நலக் கணக்கும் இருக்கிறது: 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் அளவுகோல். அதன்படி 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். கண்டி நெரிசலில் பதினைந்து நிமிடத்தில் வேன் பேராதனையைக்கூடத் தாண்டியிருக்காது.

பணக்காரர் வீட்டு மண்டபத்தில் ஹோம் தியேட்டர் வைத்தால் ரசனை, வேன்காரர் வைத்தால் பைத்தியமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. இதற்கு நான் தலைகுனியத் தயார். ஒரு பென் டிரைவில் சீர்காழி பாடிய பிள்ளையார் பாட்டில் தொடங்கி, இளையராஜா, பைலா, ஹிந்தி, குத்து என்று கோப்பு கோப்பாக அடுக்கி, கட்டுக்கலை செல்வ விநாயகர் வாசலில் தேங்காய் உடைக்கும்வரை பக்தி, பேராதனைப் பாலத்தில் காதல், கம்பளையில் கும்மாளம் என்று கூட்டம் பார்த்து மாற்றுகிற ரசனை எல்லோருக்கும் வராது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என மூன்று கூட்டத்தையும் ஒரே வண்டியில் முகம் சுளிக்காமல் ஆடவைப்பவர் அவர். ரசனையில் குறையில்லை. ஆனால் வீட்டு மண்டபம் பள்ளத்தில் உருளாது, வேன் உருளும். தேய்ந்த டயரை இன்னொரு சீசனுக்குத் தள்ளிவிட்டு அந்தப் பணத்தில் அம்ப் வாங்கினால் அதற்கு ரசனை என்று பெயர் இல்லை.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. 2025 ஜனவரியில் க்ளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோடு பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இருந்த கூடுதல் சாமான்களைக் கழற்றச் சொன்னார்கள், சங்கங்கள் எதிர்த்தன, பிறகு அவகாசம் கொடுக்கப்பட்டது. கழற்றிய சாமான் எங்கே போகும்? அலுமாரிக்கு மேல், அட்டைப்பெட்டிக்குள். கேட்கிற ஆள் இருக்கும்வரை அது இறங்கிவந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே அடுத்த ட்ரிப்புக்கு ஹயர் பேசும்போது முதலில் டயரைக் கேளுங்கள். பிறகு பிரேக்கைக் கேளுங்கள். அண்ணே ராத்திரி தூங்கினீங்களா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். செட்டைப் பற்றி நீங்கள் கேட்கவே வேண்டாம், அவரே சொல்வார்.