கதாநாயகன் பிறப்பதற்குள் சாம்பிள் முடிந்தது

ஒரு காலத்தில் தேனிக்காரன் எந்த நாவலை வாங்க வேண்டும் என்பதை மதுரை பஸ்தான் முடிவு செய்தது. மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே புதுமண்டபத்துக் கல்தூண்களுக்கு நடுவில் புத்தகக் கடைகள் இருந்தன. பக்கத்திலேயே தையல் மெஷின்கள் கடகடத்துக்கொண்டிருக்கும். ஒரு கையில் சாண்டில்யன், மறு கையில் ஜெயகாந்தன் என்று நிற்கும்போது, கூட வந்த மாமா, "ஏப்பா, எதையாவது ஒண்ண எடுத்துத் தொலை. ஆண்டிபட்டி கணவாயத் தாண்டுறதுக்குள்ள இருட்டிரும்" என்பார். அந்த அவசரத்தில் எது கையில் இருந்ததோ அதுதான் அந்த வருஷத்து இலக்கியம்.

அந்தக் கடைகள் இப்போது புதுமண்டபத்தில் இல்லை. குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மதுரைக்கு ஓடி 2010 கடைசியில் நின்றுபோன மீட்டர் கேஜ் ரயில், அகலப் பாதையாகித் தேனிக்குத் திரும்பி வந்தது 2022இல். அதுவரை புத்தகக் கடை காத்திருக்கவில்லை. செல்போனுக்குள் ஏறி நேரே வீட்டுக்கே வந்துவிட்டது.

செல்போன் கடைக்குக் கடைசி பஸ் கிடையாது. அதில்தான் வில்லங்கம். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, 'ஒரு நாவலுக்கு ஆர்டர் போட்டுவிட்டுப் படுப்போம்' என்று எடுத்தால், போடுவதற்குள் பக்கத்து வீட்டுச் சேவல் கூவிவிடும் போலிருக்கிறது. "ஏங்க, அந்தப் புஸ்தகத்த நீங்க படிக்கப் போறீங்களா, இல்ல பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வரும். பதில் சொன்னால் நீளும்.

நட்சத்திரத்தைப் பார்த்து வாங்கலாமே என்பார்கள். பார்த்தேன். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்: அட்டை மடங்காமல் வந்து சேர்ந்ததாம். இன்னொருவர் ஒன்றே ஒன்று: கொண்டுவந்த பையன் போன் பண்ணாமல் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டானாம். மூன்றாமவர், இன்னும் பிரிக்கவில்லை, ஆனாலும் அருமையான நாவல் என்று எழுதியிருந்தார். மூன்று பேரில் இவர்தான் நாவலைப் பற்றிப் பேசியவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை. அதற்குக் கீழே, இதைப் பார்த்தவர்கள் இதையும் பார்த்தார்கள் என்று ஒரு வரிசை. அதில் முதலில் இருந்தது குக்கர் காஸ்கட்.

கையில் எடுத்துப் பார்க்கிற வசதியும் போனில் இல்லை. ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஓடுகிற சு. வெங்கடேசனின் 'காவல் கோட்ட'மும் தொண்ணூறு பக்கக் குறுநாவலும் திரையில் ஒரே தபால்தலை அளவுதான். கடையிலென்றால் மணிக்கட்டே சொல்லிவிடும், இது மல்லாக்கப் படுத்துப் படிக்கிற சமாசாரம் இல்லை என்று.

போகட்டும், ஒரு வழியாக முடிவு செய்து கூடையில் போட்டால் டெலிவரிக்கு 40 ரூபாய் என்கிறது. இன்னும் கொஞ்சம் ரூபாய்க்கு வாங்கினால் அது இலவசம். உடனே 40 ரூபாயை மிச்சம் பிடிக்க 280 ரூபாய்க்கு இரண்டாவது நாவல் தேட ஆரம்பிக்கிறோம். தமிழ் நாவல் உலகம் பாதி இப்படித்தான் பிழைக்கிறது என்பது என் அபிப்பிராயம். முதல் நாவல் ஆசைக்கு, இரண்டாவது டெலிவரிக் காசுக்கு.

என் மச்சினன் போடியில் ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கிறான். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் புற்றடியிலும் நடக்கிறது. ஒருநாள் அவனோடு போய் உட்கார்ந்து பார்த்தேன். சாம்பிள் பொட்டலம் கைக்கு வருகிறது. பிரித்துத் தட்டில் கொட்டுகிறான். பச்சை சரியா, பருமன் சரியா என்று விரலால் ஒரு அளை. ஒரு காயை நகத்தால் கீறி உள்ளே அரிசி கறுத்திருக்கிறதா என்று ஒரு பார்வை. பட்டனைத் தட்டினான். முடிந்தது. மூட்டை மூட்டையாகச் சரக்கு, லட்சக்கணக்கில் பணம். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் அடுத்த பொட்டலம் வந்துவிட்டது.

"மூட்டையப் பாக்க வேணாமா மாப்ள?" என்றேன்.

"மூட்ட எல்லாம் ஒரே மாதிரி சாக்குதான் மாமா. காயப் பாத்தாப் போதும்."

அட்டைப்படம், நட்சத்திரம், பின்னட்டையில் இருப்பின் வெறுமை பற்றி நாலு வரி எல்லாமே சாக்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. காயைப் பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்து ஒரு மின்நூலின் இலவச சாம்பிளை இறக்கினேன். புத்தகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கிடைக்கும். முதலில் காணிக்கை. அடுத்து ஒரு பேராசிரியரின் அணிந்துரை. அவர் தன் பள்ளி நாட்களிலிருந்து தொடங்கியிருந்தார். பிறகு வாழ்த்துரை, பதிப்புரை, இரண்டாம் பதிப்பின் முன்னுரை, முதல் பதிப்பின் முன்னுரை, என்னுரை, நன்றி. நன்றியில் தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர், டீ வாங்கிக் கொடுத்தவர் வரை வந்துவிட்டார்கள். அத்தியாயம் ஒன்று. மழை பெய்துகொண்டிருந்தது. கதாநாயகனின் அம்மாவுக்கு வலி எடுக்கிறது. அத்தோடு சாம்பிள் முடிந்தது. மேலே படிக்க வேண்டுமா, வாங்கு என்கிறது திரை.

ஃபோர்ட் மேடக்ஸ் ஃபோர்ட் என்ற இங்கிலாந்து எழுத்தாளர், எந்தப் புத்தகத்தையும் 99ஆம் பக்கத்தில் திறந்து பார்த்தால் தரம் தெரிந்துவிடும் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவருக்குத் தமிழ் நாவல் பழக்கமில்லை. சில நாவல்களில் 99ஆம் பக்கத்தில்தான் அணிந்துரை முடிகிறது.

இருந்தாலும் சாம்பிளை விட்டால் வேறு வழி கிடையாது. முன்னால் இருக்கிற உரைகளையெல்லாம் கட்டைவிரலால் தள்ளிவிட்டு, கதை தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கம் படித்தால் போதும். எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று அதில் வருகிறதா என்று பார்ப்பேன். கம்பம் பள்ளத்தாக்கை வைத்து எழுதியவர், திராட்சை சீசன் முடிந்து ஊரே வெறிச்சோடிக் கிடந்தது என்று ஆரம்பித்தால் அங்கேயே மூடிவிடலாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஏது சீசன்? ஒரு தோட்டத்தில் கவாத்து நடந்தால் அடுத்த தோட்டத்தில் அறுவடை நடக்கும். வருஷம் முழுக்கக் காய்ப்பதுதான் அதன் பெருமையே. 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பந்தலுக்கு அடியில் ஒருமுறை கூடக் குனிந்து நடக்காதவர் மனுஷர் மனசுக்குள் எப்படி நடப்பார்?

இந்தப் பரீட்சையில் எங்கள் ஊர்க்காரர்கள் சுலபமாகத் தேறிவிடுகிறார்கள். போடிப் பக்கத்து அம்மாபட்டிக்காரர் சு. வேணுகோபால் நிலத்தைப் பற்றி எழுதினால் மண் நகத்தில் ஏறும். சமையல் தொழிலாளர்களை வைத்து ம. காமுத்துரை எழுதிய 'குதிப்பி'யில் அடுப்புப் புகை கண்ணில் படும். ஆனால் உள்ளூர் எழுத்தாளர் என்றால் தேனியில் வேறொரு சிக்கல். நம் சித்தப்பா அதில் வருகிறாரா, வந்தால் எப்படி வருகிறார் என்று தெரிந்துகொள்ளவே ஊர் வாங்கிவிடும். தரத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எங்கள் தாத்தா தலைமுறைக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1950இலிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் 'பொன்னியின் செல்வன்' படித்தார்கள். பிடித்ததால் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் ஓவியங்களோடு பைண்டு பண்ணி வைத்தார்கள். மூன்றரை வருஷம் சாம்பிள் பார்த்துவிட்டுப் புத்தகம் செய்துகொண்டவர்கள் அவர்கள். நாம் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, சாம்பிளை மட்டும் படிக்கிறோம்.

ஆகவே பதிப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை எதையும் குறைக்கச் சொல்லவில்லை. அதில் பல பேர் மனஸ்தாபம் அடங்கியிருக்கிறது. மொத்தத்தையும் தூக்கிக் கடைசிப் பக்கங்களில் போட்டுவிடுங்கள். நாவல் பிடித்தவர்கள் அதையும் விடாமல் படிப்பார்கள். பிடிக்காதவர்களாவது சாம்பிளிலேயே கதாநாயகன் முகத்தைப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துப் படுப்பார்கள்.