வேளாங்கண்ணியில் பெருங்குடும்பம் தங்குதல்: ஒரு மூலபாட ஆய்வு

வேளாங்கண்ணி மாதா கோயிலைப் பற்றி நூல்கள் பல உண்டு. குளக்கரையில் பால்காரச் சிறுவன் கண்ட காட்சி, நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் எழுந்து நடந்தது, புயலில் தப்பிக் கரையேறிய போர்த்துகீசிய மாலுமிகள் எழுப்பிய கோயில், 1962-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் வழங்கிய பசிலிக்கா தகுதி என அனைத்தும் எழுதப்பட்டுவிட்டன. 19 பேர் கொண்ட ஒரு குடும்பம் கையைக் கடிக்காத வாடகையில் அங்கே எப்படி இரவைக் கழிக்கும் என்ற கேள்வியை மட்டும் அறிஞர் உலகம் தொடவே இல்லை. பல்கலைக்கழகங்கள் வேறு வேலையாக இருப்பதால் இப்பொறுப்பை நாமே ஏற்கிறோம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குடும்பம் கற்பனையானது. ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பாயி, பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, ஒரு அத்தை, இரண்டு மாப்பிள்ளைகள், அவர்கள் கட்டிய பெண்கள், இவர்கள் எல்லோருக்கும் பிறந்த பிள்ளைகள். மொட்டை போட வேண்டிய தலை ஒன்று, குத்த வேண்டிய காது இரண்டு. குடும்பம் இந்துக் குடும்பம்தான். மாதாவுக்கு நேர்ந்துகொள்வதில் டெல்டாவில் யாரும் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை. படிப்பவர் இதில் தம் வீட்டாரை அடையாளம் கண்டுகொண்டால் ஆய்வாளர் பொறுப்பல்லர்.

முதல் சிக்கல், எத்தனை பேர் என்பது. இதற்கு நம் மண்ணில் பிறந்த ஆய்வுமுறையே போதும். 1855-இல் பிறந்தவரும் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்துக்காரருமான உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, பாடபேதங்களை ஒப்பிட்டு, மூலம் எது, பின்னால் நுழைந்தது எது என்று பிரித்துக் காட்டினார். வேன் பயணத்துக்கும் அம்முறை அப்படியே பொருந்தும். போனில் அறை கேட்ட அன்று சொன்ன எண்ணிக்கை 14. அது மூலபாடம். வேன் கிளம்பும்போது உள்ளே 19 பேர். மிச்சம் ஐவரும் இடைச்செருகல். பக்கத்து வீட்டு ஆயா, பெரிய மச்சானின் கூட்டாளி, மண்டபத்தடியில் கைகாட்டி ஏறிய தூரத்து அத்தையும் அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளும். இடைச்செருகலை நீக்குவது பதிப்பாசிரியரின் கடமை. ஆனால் "எனக்கு ஒரு வேண்டுதல் கெடக்குப்பா" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவரை வண்டியிலிருந்து இறக்கும் துணிவு எந்தப் பதிப்பாசிரியருக்கும் வந்ததில்லை. ஓட்டுநர் மூலத்திலும் இல்லை, செருகலிலும் இல்லை. அவர் வண்டியிலேயே படுத்துக்கொள்வார்.

எண்ணிக்கை நிலைபெற்றால் வாடகை நிலைபெற மறுக்கிறது. வண்டி நிற்கும் முன்னே ஜன்னலில் ஒரு முகம் தெரியும். "ரூம் வேணுமாண்ணே? கோயிலுக்கு எதுத்தாப்லதான். ஃபேமிலி ரூம், பத்து பேரு தாராளமாப் படுக்கலாம்." இது புரோக்கர் பாடம். கவுண்டரில் மேனேஜர் பாடம் வேறு: "ஃபோர் பெட்டுதான் சார் இருக்கு. எக்ஸ்ட்ரா ஆளுக்குத் தனி." சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மூன்றாவது பாடம்: ஆதார் அட்டை அவசியம், செக்-அவுட் 24 மணி நேரம், வெந்நீர் காலையில் மட்டும், விலையுயர்ந்த பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. காலி செய்யும்போது கைக்கு வரும் பில் நான்காவது. நான்கும் ஒத்துப்போன சுவடி இதுவரை கிடைக்கவில்லை. "எதுத்தாப்ல" என்ற சொல்லுக்குப் புரோக்கர் பாடத்தில் நேர்ப்பொருள் கொள்ளலாகாது. கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் எந்த இடமும் அதில் அடங்கும், வேளாங்கண்ணியில் அது அநேகமாக எல்லா இடத்திலும் தெரியும்.

அந்த 24 மணி நேர விதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பல ஊர்களில் பகல் 12 மணிக்கு எல்லோரும் காலி செய்கிறார்கள். இங்கே பல லாட்ஜுகளில் சாவி வாங்கிய நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. மன்னார்குடி வேன் விடியற்காலையில் புறப்பட்டு ஏழு மணிக்கே வந்து சேர்ந்தால் மறுநாள் ஏழு மணிக்குப் படுக்கையைச் சுருட்ட வேண்டும். மதியம் மூன்று மணிக்குச் சாவி வாங்கினால் இரவும் கிடைக்கும், மறுநாள் காலைத் திருப்பலியும் கிடைக்கும், சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயரவும் முடியும். ஆகவே முதலில் கோயில், பிறகு கடல், பிறகு சாப்பாடு, அதன் பிறகே அறை என்பது கணக்குப்படி சரி. கணக்கு சரியாக இருந்தும் இதை எந்தக் குடும்பமும் கடைப்பிடிப்பதில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி கழிப்பறை எங்கே என்பது. அதற்காகவே காலை ஏழு மணிக்கு அறை எடுக்கப்படுகிறது. இக்குறிப்பை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளவும்.

அடுத்து, குழந்தை என்பவர் யார்? தமிழக அரசுப் பேருந்தில் 5 வயது வரை டிக்கெட் இல்லை. ரயிலில் 5 வயதுக்கு மேல், 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் 2016 முதல் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாமென்றால் அரைக் கட்டணம். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010-இல் ரயில் பாதை வந்துவிட்டதால் இவ்விதி இங்கும் செல்லும். கடல் கடந்தும் பார்த்தோம். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 1971 அக்டோபர் 1-இல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்னும் கேளிக்கை நகரத்து விடுதிகளில் மலிவான அறை பெரும்பாலும் நான்கு பேருக்குத்தான். மூன்று வயது நிரம்பாத பிள்ளை தொட்டிலில் படுத்தால் கணக்கில் வராது. மூன்று பிள்ளை பெற்ற அமெரிக்கர் இரண்டு அறை எடுக்க வேண்டும், அல்லது விலை கூடிய பெரிய அறைக்குப் போக வேண்டும். பரிதாபத்துக்குரியவர். வேளாங்கண்ணி மேனேஜர் பிறந்த தேதியை நம்புபவர் அல்லர். வாசலில் நிற்கும் பிள்ளையின் தலை கவுண்டர் மேசைக்கு மேல் தெரிகிறதா என்று பார்க்கிறார். அந்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன் இடுப்பில் ஏற்றப்படாவிட்டாலும், வெளியே பொரி வாங்க அனுப்பப்படுகிறான்.

இனி இவ்வாய்வின் நடுப்புள்ளிக்கு வருகிறோம். செலவை ஏற்றுவது தலைகளின் எண்ணிக்கை அன்று. 17 பேர் சேர்ந்தால் ஒரு ஹாலும் பாயும் போதும். செலவை ஏற்றுபவர்கள் இரண்டே பேர், மாப்பிள்ளைகள். பெரிய மாப்பிள்ளைக்கு ஏசி அறை போட்டாக வேண்டும். அவர் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார், "எனக்கு எதுக்குங்க, நான் இப்படி வராண்டாவுல படுத்துக்கறேன்" என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லை நேர்ப்பொருளில் எடுத்த மாமனார் அடுத்த பொங்கல் வரை அதைக் கேட்டுக்கொண்டிருக்க நேரும். பெரியவருக்கு ஏசி என்றால் சின்னவருக்கும் ஏசி. இரண்டும் ஒரே மாடியில், ஒரே வாடகையில், முடிந்தால் ஒரே நிறக் கதவோடு இருக்க வேண்டும். ஒருவர் ஜன்னலில் கடல் தெரிந்து மற்றவர் ஜன்னலில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் விவகாரம் வேறு திசையில் போகும்.

இதில் நள்ளிரவுக் கள ஆய்வு ஒன்றும் தேவைப்படுகிறது. ஏசி அறையில் மாப்பிள்ளை படுக்கிறார் என்பது பில்லில் மட்டுமே. பத்து மணிக்கு ஒரு பிள்ளை "சில்லுனு இருக்கு" என்று உள்ளே நுழையும். பன்னிரண்டு மணிக்கு எண்ணினால் கட்டிலில் நான்கு பிள்ளைகள், தரையில் மூன்று, வாசல் ஓரத்தில் சித்தி. மாப்பிள்ளை வராண்டாவில் இருக்கிறார், தாம் முதலிலேயே சொன்ன இடத்தில். அப்பாயிக்கு ஏசி காற்று ஆகாது. அவர் ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே மூன்று பேர் இடத்தை எடுத்துக்கொண்டு நிம்மதியாக உறங்குகிறார்.

கடல் தெரியும் அறைக்கு வாடகை கூடுதல் என்பது உலகப் பொது விதி. இங்கே அதை மறுக்கும் பெரியவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை கடல் ஊருக்குள் வந்து, வந்திருந்த யாத்ரீகர்களையும் கடை போட்டிருந்தவர்களையும் கொண்டுபோன கரை இது. "கடப்பக்கம் வேணாம்ப்பா, உள்ள பாரு" என்று அப்பாயி சொன்னால், இந்த ஓரிடத்தில் ஆய்வாளருக்குக் கேலி வரவில்லை. உள்ளே பாருங்கள்.

காலத்தையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டு 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் மாதாவின் பிறந்தநாளோடு நிறையும் திருவிழா நாட்களில் மும்பை, கோவா, எர்ணாகுளம் பக்கமிருந்து சிறப்பு ரயில்கள் வரும். காவி உடுத்திய நடைப்பயணிகள் சாலை நெடுகிலும் வருவார்கள். அப்போது மலிவான அறை என்ற பேச்சுக்கே இடமில்லை. டெல்டாக்காரனுக்கு இன்னொரு இடியும் உண்டு. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து குறுவை போட்டிருந்தால் செப்டம்பர் முதல் வாரத்தில் கதிர் முற்றிக்கொண்டிருக்கும், பணம் வந்திருக்காது. வாடகை உச்சத்தில் இருக்கும்போது மடி காலியாக இருக்கிறது. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறும் மாசி, பங்குனியில் கையில் காசு இருக்கும், லாட்ஜும் வார நாளில் காலியாகக் கிடக்கும். ஆனால் பிள்ளைகளுக்குத் தேர்வு. ஆக, பெருங்குடும்பம் போகக்கூடிய ஒரே காலம் மே மாதம். அதைத் தமிழ்நாடு முழுவதும் நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது.

வரி விஷயத்தில் ஒரு நற்செய்தி. 2022 ஜூலை 18-க்கு முன்பு, நாள் வாடகை 1000 ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. இல்லை. அன்று முதல் 12 விழுக்காடு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அது 5 விழுக்காடாக இறங்கியது. சமய அறக்கட்டளைகள் தம் வளாகத்தில் 1000 ரூபாய்க்குக் குறைவாக விடும் அறைகளுக்கோ வரியே கிடையாது. அமிர்தசரஸ் பொற்கோயிலின் சராய் என்னும் யாத்ரீகர் விடுதிகளை ஒட்டிக் கிளம்பிய சர்ச்சையில் 2022 ஆகஸ்டில் மத்திய அரசே இதைத் தெளிவுபடுத்தியது. எனவே முதலில் முயல வேண்டியது கோயில் நிர்வாகமே நடத்தும் விடுதிகளை. முதலில் முயல்வோர் பலர் என்பதுதான் அதில் உள்ள ஒரே குறை.

நாகப்பட்டினத்திலோ நாகூரிலோ அறை எடுத்து, தர்காவுக்கும் போய், சிக்கல் முருகனையும் பார்த்து, வேளாங்கண்ணிக்கு வந்துபோகலாம் என்ற யோசனை சிறந்தது. நாகப்பட்டினம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். காரைக்காலில் தங்கலாம் என்ற யோசனையும் எல்லாக் குடும்பத்திலும் எழும். அதை முன்மொழிபவர்கள் ஆண்கள் மட்டுமே என்பதையும், காரைக்கால் புதுச்சேரி ஆட்சியில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்த பெண்கள் அதை முதல் வாசிப்பிலேயே நிராகரித்துவிடுகிறார்கள்.

இத்தனையும் ஆராய்ந்தபின் நாம் கண்ட உண்மையைச் சூத்திரமாகவே சொல்லலாம்:

தலையெண்ணி அறைகொள்வார் தரையெண்ணிப் படுப்பர்.

இதன் உரை: தலை எத்தனை என்று எண்ணி அறை எடுப்பவர் எப்படியும் தரையில்தான் படுப்பார் என்க. படுக்க இடம் போதாமல் எந்தப் பெருங்குடும்பமும் வேளாங்கண்ணியிலிருந்து திரும்பியதில்லை. நம்மவர் பாய் விரித்தால் வராண்டா, மாடிப்படித் திருப்பம், வேனின் நடைவழி எல்லாம் படுக்கையறை. போதாமல் போவது குளியலறை. கணக்கைப் பாருங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், 19 பேருக்கு 190 நிமிடம். ஒரே குளியலறை என்றால் ஆறு மணித் திருப்பலிக்கு முதல் வாளி 2.50-க்கு விழ வேண்டும். இரண்டு என்றால் 4.20. நான்கு என்றால் 5.10-க்கு எழுந்தால் போதும். இதில் கடல் குளியலைச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு கடல் குளியலும் ஒரு நல்ல தண்ணீர்க் குளியலைக் கூட்டிக்கொண்டு வரும், கூடவே ஒரு வாளி மணலையும். கரையோரத் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, நேரம் இன்னும் நீளும். மொட்டை போட்டவர்கள் தலைக்கு ஷாம்பு கேட்க மாட்டார்கள் என்பது மட்டுமே ஆறுதல். இம்மிச்சத்தை முன்னிட்டு ஆண்கள் அனைவரும் மொட்டை போடலாம் என்ற பெரியம்மாவின் பரிந்துரை பரிசீலனையில் உள்ளது.

இராமேஸ்வரம் போகும் வழியில், ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அங்கே யாத்ரீகர் தங்குவதற்குக் காசு வாங்கியதில்லை, சோறும் போட்டார்கள். அந்தக் காலத்தைத் திரும்பக் கேட்கவில்லை. வேளாங்கண்ணி லாட்ஜ் உரிமையாளர்களிடம் கேட்பது சிறியது. உங்கள் பெயர்ப்பலகையில் ஏசி, டிவி, வைஃபை, கார் பார்க்கிங் என்று எழுதும் இடத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் ஒதுக்குங்கள்: ஒரு மாடிக்கு எத்தனை குளியலறை, அதில் எத்தனை குழாயில் தண்ணீர் வரும். வாடகையில் ஐம்பது ரூபாய் கூட்டிக்கொண்டாலும் பெரியம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்.