தேவதைக் கதைக்கும் பேராசிரியர்!

கேள்வி: தேவதைக் கதைகளையெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி பெரிய இடத்தில் ஆராய்ச்சி செய்வார்களா, என்ன?

பதில்: செய்தார்கள்; அதுவும் கல்லூரி முதல்வரே முன்னின்று! 1571இல் தொடங்கிய ஜீசஸ் கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டில் வேல்ஸ்காரர்களின் தாய்வீடு. வேல்ஸ் மொழிப் பழங்கதைகள் அடங்கிய 'ஹெர்கெஸ்ட் செந்நூல்' என்ற இடைக்காலச் சுவடியும் அதன் சொத்துதான்.

அந்த முதல்வர் ஜான் ரீஸ், வேல்ஸ் கிராமத்துப் பிள்ளை. 1877இல் ஆக்ஸ்ஃபோர்டின் முதல் கெல்டிக் மொழிப் பேராசிரியர். 1895 முதல் 1915இல் இறக்கும்வரை இந்தக் கல்லூரியின் முதல்வர். ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் கேட்டும், கடிதம் எழுதி வாங்கியும் சேர்த்த ஏரிக்கன்னி, குறளி கதைகளை 1901இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். முதல்வர் பதவி அவர் காதுகளை அடைத்துவிடவில்லை!

அதே கல்லூரிக்குப் படிக்க வந்த அமெரிக்கர் இவான்ஸ்-வென்ட்ஸ், அயர்லாந்து முதல் பிரிட்டனி வரை சுற்றி, தேவதைகளைக் கண்டதாகச் சொன்னவர்களிடமே வாக்குமூலம் வாங்கி 1911இல் புத்தகமாக்கினார். வேல்ஸ் பகுதிக்கு முன்னுரை எழுதியவர் ரீஸ். இவான்ஸ்-வென்ட்ஸின் தேடல் அத்தோடு நிற்கவில்லை. 1935இல் திருவண்ணாமலைக்கே வந்து ரமண மகரிஷியிடமும் கேள்விகளை அடுக்கினார்.

ஆகவே, பாட்டி அடுத்த முறை கதை சொல்லும்போது தூங்கிவிடாதீர்கள். நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். பேராசிரியர்கள் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்!