கிரகணக் கங்காணி

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளத்திலிருந்து கோபாலபுரம் வரைக்கும், ஊருக்கொரு கிரகணக் கங்காணி உண்டு. சந்திரன் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று மேற்பார்ப்பது இவர் பொறுப்பு. யாரும் நியமித்ததில்லை, அதனால் யாராலும் நீக்கவும் முடியாது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கங்காணி ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர்: பள்ளி விடுமுறைக்கு மலையாளம், ராகுகாலத்துக்குத் தமிழ். கிரகண நேரத்தை இரண்டும் ஒன்றுபோலச் சொன்னால் முகம் வாடிவிடும். வாளையார் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஓரிரு நிமிஷமாவது வித்தியாசம் வேண்டாமா என்பது அவர் கட்சி.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை; ராத்திரி சந்திர கிரகணம். திருவோணம் போய் இரண்டாம் நாள். எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் புளியிஞ்சியும் மிச்சப் பாயசமும். கங்காணி மத்தியானமே தர்ப்பைக் கட்டோடு கிளம்பிவிட்டார். பாயசத்துக்கு ஒன்று, ஊறுகாய்க்கு ஒன்று. ஒரு வீட்டு ஃப்ரீசரில் இருந்த அயிலை மீனுக்கும் ஒன்று போட்டார். மீனுக்கு ஏது சாஸ்திரம் என்றால், “அதும் நம்ம ஊட்டுதுதானே?” கிரகணம் தங்கள் நட்சத்திரத்தில் என்பதால், சதயக்காரர்களும் பூரட்டாதிக்காரர்களும் அன்று தெருவில் தலைகாட்ட முடியவில்லை. நட்சத்திரம் தெரியாதவர்களை முன்னெச்சரிக்கையாகச் சதயத்தில் சேர்த்துவிட்டார்.

அடுத்து உலக்கை. தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு உலக்கையை நட்டமாக நிறுத்தினால், கிரகணம் முடியும்வரை தானாக நிற்கும், விட்டதும் விழும் என்று நம்பிக்கை. அடி தட்டையாகப் பூண் போட்ட உலக்கை எந்த நாளும் நிற்கும் என்பது என் அபிப்பிராயம். தாம்பாளத்துக்கு முன்னால் அதைச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. அவர் பேத்திக்கு இருந்தது. சாயங்காலமே நிறுத்திக் காட்டினாள். கங்காணி அசரவில்லை. “அது ஒத்திகை, கண்ணு.”

சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாம். ஆனால் கங்காணியிடம் 2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணத்துக்குக் கோயம்புத்தூரில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி இருந்ததே, அதை என்ன செய்வது? சூரியன் பௌர்ணமி நிலவைவிட ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு பிரகாசம். அதையே அடக்கும் கண்ணாடிக்கு நிலவு எம்மாத்திரம்? மாட்டிக்கொண்டு அண்ணாந்தவர், ஒன்பதரைக்கே அறிவித்தார்: “புடிச்சிருச்சு! முழுசாப் புடிச்சிருச்சு!”

“நிலா அங்கயேதான் இருக்குதுங் தாத்தா.”

“உங் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.”

நிஜக் கிரகணம் 9.57-க்குத் தொடங்கி, 11.01-க்கு முழுமையானது. பூமியின் காற்றுமண்டலம் நீலத்தைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை மட்டும் வளைத்து அனுப்ப, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே 82 நிமிஷம் செம்புத் தட்டாகத் தொங்கியது நிலா. எங்களுக்குக் கழுத்து வலி. கங்காணிக்கு அது இல்லை. அவர் குனிந்து, மூணாறு எஸ்டேட் லயத்திலிருக்கும் மச்சானுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

“இங்க கோடமஞ்சுங் மாமா. லைட் கம்பமே தெரியல.”

“மறையூருக்கு எறங்கிரு. மழைமறைவுப் பூமி, வானம் துடைச்சு வெச்சாப்பல இருக்கும்.”

“நடுரோட்டுல படையப்பா நின்னா?”

படையப்பா அந்தச் சாலையை அடிக்கடி மறிக்கும் கொம்பன் யானை. கங்காணி கொஞ்சம் யோசித்தார். “அதுக்கும் இன்னைக்குக் கிரகணந்தானே. ஒதுங்கித்தான் நிக்கும், போ.” மச்சான் போனை வைத்துவிட்டார்.

1.26-க்குக் கிரகணம் விட்டது. உலக்கை விழவில்லை. கங்காணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்பதைக் கால் பெருவிரலால் அதற்குத் தெரிவித்தார்.

அந்தச் சத்தத்தில் தெருவே விழித்துக்கொண்டது. எல்லாரும் இருக்கும்போதே சொல்லிவிடலாம் என்று, அடுத்த கிரகணத்துக்கும் அப்போதே ஏற்பாடு தொடங்கிவிட்டார். “2026 மார்ச் 3, சாயங்காலம். கிரகணத்தோடயேதான் நிலா உதிக்கும். கெழக்க மறைப்பே இருக்கக்கூடாது. போடிமெட்டுக்கு வேன் சொல்லிரலாம்.”

“ஏனுங், வேனுக்குள்ள உலக்கை கொள்ளுமா?” என்றார் வீட்டம்மா.

“படுக்க வெச்சாக் கொள்ளும். ஒரு சாண் வெளிய நீட்டுச்சுன்னா செவப்புத் துணி கட்டிக்கலாம்.”