சுரங்கத்தில் திணைமயக்கம்: மெயில் பயணி விமானப் பயணியாகும் இடம் குறித்து

பாலக்காட்டு ஒலவக்கோட்டில் மெயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து மெட்ரோ பிடித்து விமான நிலையம் போகிறவர், போய்ச் சேரும்போது வேறொரு ஆளாக இருக்கிறார். இதில் அறிஞரிடையே வழக்கில்லை. எந்த இடத்தில் அப்படி ஆனார் என்பதில்தான் பூசல். சென்ட்ரலுக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு புள்ளியில் இது நிகழ்கிறது. அப்புள்ளியைக் கண்டறிவதே இக்கட்டுரையின் நோக்கம். வேறு பயன் எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

சென்னைச் சுரங்கத்தைப் பற்றி எங்கள் ஊரான கஞ்சிக்கோட்டிலிருந்து எழுத என்ன தகுதி எனின், மூன்று உண்டு. மெயில் வண்டிகள் எங்கள் ஊரில் நிற்பதில்லை. கிழக்கே இருக்கும் சென்னைக்குப் போக மேற்கே இருக்கும் ஒலவக்கோட்டுக்குப் பஸ் ஏறுகிறோம். பிறகு அதே மெயிலில் நம் வீட்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டே ஊரைக் கடக்கிறோம். சுற்றிப் போவதில் எங்களுக்குள்ள பயிற்சி பிறர்க்கில்லை. அடுத்தது, ரயில் பெட்டித் தொழிற்சாலை வருகிறது என்று 2008 பட்ஜெட்டில் கேட்டு, 2012இல் அடிக்கல்லையும் கண்டு, தொழிற்சாலையைக் காணாமலிருக்கிற ஊர் இது. வராத ரயிலைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்களுக்கு வருகிற ரயிலைப் பற்றிப் பேசுவது எளிது. மூன்றாவது தகுதியை யாரும் மறுக்க முடியாது. நாங்கள் குடியிருப்பது நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவிலுள்ள கணவாயில். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு மாதவரத்தில் மண்ணைக் குடையப் போன எந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை என்றே பெயர் வைத்தார்கள். எங்கள் வடக்கும் தெற்கும் சென்னை மண்ணுக்குள் போன பிறகு, நடுவில் இருப்பவர்கள் சும்மா இருப்பது முறையன்று.

கோவைப் பீளமேட்டு விமான நிலையம் பக்கத்தில் இருக்கச் சென்னைக்கு ஏன் போக வேண்டும் எனின், டிக்கெட் எடுத்தவர் மருமகன். மருமகன் எடுத்த டிக்கெட்டை ஆராய்வது மரபன்று.

இனி இலக்கணம். மெயிலுக்கு முதற்பொருள் பிளாட்பாரமும் வைகறையும். கருப்பொருள் கட்டுச்சோறு, பூட்டும் சங்கிலியும், ஊதித் தலைக்கு வைக்கும் தலையணை. உரிப்பொருள் இருத்தல், சிக்னலுக்காக இருத்தலும் அதில் அடங்கும். விமான நிலையத்துக்குக் கருப்பொருள் சக்கரப் பெட்டி, பாஸ்போர்ட் வைத்த கழுத்துப் பை, கடிக்கும் புதுச் செருப்பு. உரிப்பொருள் பிரிதல். முன்னது முல்லை, பின்னது பாலை. இரண்டும் மயங்கும் இடம் சென்ட்ரல் சுரங்க நிலையம் என்பது இதனால் பெறப்படும்.

அந்நிலையம் 2018 மே 25இல் திறக்கப்பட்டது. இரண்டு தடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு அடுக்கில் ஓடுகின்றன. அண்ணா சாலைக்கடியில் போகும் நீலத் தடம் அதை எட்டியது 2019 பிப்ரவரி 10இல்தான். இடைப்பட்ட மாதங்களில் சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோவில் போகக் கோயம்பேட்டைச் சுற்ற வேண்டியிருந்தது. சென்னைக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். ஒலவக்கோடு வழியாகப் பழகிய எங்களுக்கு அது இயல்பாகவே தோன்றியது.

மாற்றம் நகரும் படிக்கட்டிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்பார் ஒரு சாரார். படியில் கால் வைக்குமுன் காவலரிடம் ஓர் அம்மாள், “தம்பி, மேல பறக்கறதுக்குக் கீழயா போகோணும்?” என்று கேட்பதையும், “ஆமாங்கம்மா” என்ற விடைக்குப்பின் வாயடைத்துப் போவதையும் சான்று காட்டுவர். அற்றன்று. அந்த மௌனம் சேலைத் தலைப்பு படியில் சிக்காமல் பிடித்திருப்பதால் வருவது. கீழே இறங்கியதும் ஒலவக்கோட்டுக் குரல் அதே சுருதியில் திரும்பிவிடும்.

பையை எக்ஸ்ரே எந்திரத்தில் போடும்போது என்பார் மற்றொரு சாரார். சென்ட்ரல் ரயில் நிலையத்திலேயே அவ்வெந்திரம் உண்டாதலால் இவர் கூற்று எண்ணத்தக்கதன்று.

எங்கள் ஊர்க் காற்றுச் சாராரைச் சற்று மதித்தே மறுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம். அதன் வழியே வீசும் காற்றை நம்பித்தான் மின்வாரியம் கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டது. வாளையாறு காட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைக் கொடுப்பவனே மெயில் பயணி. சுரங்கத்திலும் காற்று உண்டு. ஓடிவரும் ரயில் தனக்கு முன்னால் இருக்கும் காற்றைக் குழாய் நெடுகத் தள்ளிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் பிளாட்பார விளிம்பில் கண்ணாடிக் கதவுகள் நிற்பதால் அது முகத்தில் படுவதில்லை. ரயில் வந்தும் காற்று வரவில்லையே என்று திகைக்கும் அக்கணத்தில் மெயில் பயணி மறைகிறான் என்பது இவர்கள் துணிபு. அழகிய கொள்கைதான். ஆனால் ஏ.சி. பெட்டியில் வந்தவன் இராமுழுதும் காற்றில்லாமலே வந்தவனாயிற்றே. அவனுக்கு மாற்றம் ஒலவக்கோட்டிலேயே முடிந்துவிட்டதா?

டெல்லியில் இச்சிக்கல் இல்லை. 2011 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய விமான நிலைய விரைவுத் தடத்தில், புதுடெல்லி மெட்ரோ நிலையத்திலேயே சில நிறுவனங்களின் பயணிகள் பெட்டியை ஒப்படைத்துப் போர்டிங் பாஸ் வாங்கலாம். ஹாங்காங்கிலும் அப்படியே. மூட்டை போன இடத்தில் மனிதன் மாறுகிறான் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சென்னையில் மூட்டை கடைசிவரை நம் காலடியில் இருக்கிறது. ஆகவே ஆய்வும் நீள்கிறது.

சைதாப்பேட்டையைத் தாண்டி ரயில் மண்ணுக்கு மேலே ஏறிச் சின்னமலையில் வெளிச்சம் படும்போது எல்லோரும் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்க்கிறார்கள். இதுவே புள்ளி என்று நாமும் ஒருகால் முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் அப்படி மாறிவிட்டதாகக் கருதப்பட்ட பெரியவர்கள் மீனம்பாக்கத்தில் பெட்டியோடு எழுந்து நிற்கிறார்கள். விமானம் என்றால் மீனம்பாக்கம் என்று வளர்ந்த தலைமுறை. மெட்ரோவிலோ மீனம்பாக்கம் ஒரு நிலையம், விமான நிலையம் அதற்கடுத்த நிலையம். “உக்காருங்கப்பா, அடுத்ததுதான்” என்று மகள் கையைப் பிடித்து இழுக்கும் ஒருவரை விமானப் பயணி என்று எந்த உரையாசிரியரும் ஒப்பார்.

அப்படியாயின் விடை இடத்தில் இல்லை, கட்டுச்சோற்றில் இருக்கிறது என்பதே எம் துணிபு. மெயிலில் தின்னலாம். மெட்ரோவில் தின்னத் தடை. விமான நிலையத்தில் தின்னத் தடையில்லை, விலைதான் இருக்கிறது. பாலைக்குத் தனக்கென நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் திரிந்த இடமே பாலை. சென்ட்ரலிலிருந்து சைதாப்பேட்டை வரை யாரும் எதையும் வாயில் போடாத அந்தச் சுரங்க நீளமும் அத்தகைய நிலமில்லாத நிலமே. பொடி தடவிய இட்லியை ரிப்பன் மாளிகைக்கு எதிரே உட்கார்ந்து தின்று தீர்த்தவர், தின்ற இடத்திலேயே மாறிவிடுகிறார். தீராத பொட்டலத்தோடு கீழே இறங்கியவர், புறப்பாட்டு மண்டபத்துப் பளபள நாற்காலியில் அதைப் பிரித்து வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் “ஒண்ணு எடுத்துக்குங்க” என்று நீட்டும்வரை மெயில் பயணியே.

இதை எதிர்த்திசையில் வைத்துச் சோதிக்க வழியில்லை. திரும்பி வரும்போது மருமகன் கோவைக்கே டிக்கெட் போட்டுவிடுகிறார். பீளமேட்டுக்கு அழைக்கப் போகும் வேனில் ஆய்வாளருக்கு இடமிருப்பதில்லை.